பெருநாளும் பைக்கும் நாங்களும்



ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இன்னும் இரண்டு கிழமை இருக்கிறது. போன ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளியில் வாசித்த அறிவித்தலை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். பெருநாள் தினங்களில் பிள்ளைகளின் கையில் மோட்டார் சைக்கிள் சாவியைக் கொடுக்க வேண்டாம் என்று நிர்வாகம் பெற்றோரைக் கேட்டிருக்கிறது. நல்ல விசயம். அதற்குப் பிறகு ஊர் வட்ஸ்அப் குழுக்களில் ஓடிய கதைகளையும் பார்த்தோம். ரேஸ் என்பதே மார்க்கத்தில் இல்லாத வேலை என்று ஒருவர். எஞ்சின் பைத்தியம் பிடித்த பொடியன்களைக் கட்டி வைத்து அடிக்க வேண்டும் என்று இன்னொருவர். ஊருக்குள் பைக்கையே தடை செய்யச் சொல்லி ஒரு ஹாஜியார்.

அந்த இடத்தில்தான் எங்களுக்குக் கொஞ்சம் சுட்டது. எங்களுக்கும் அதே பைத்தியம்தானே.

நாங்கள் யார் என்று ஊரில் பலருக்குத் தெரியும். ஆசிரியர்கள் மூன்று பேர், கராஜ் வைத்திருக்கும் காக்கா ஒருவர், கட்டாரில் பதினாறு வருஷம் ட்ரெய்லர் ஓட்டிவிட்டு வந்த மச்சான் ஒருவர். இஷாவுக்குப் பிறகு கராஜுக்கு முன்னால் பிளேன்டீயோடு குந்திக்கொண்டு, எந்தக் காரின் எஞ்சின் எத்தனை வருஷம் உழைக்கும் என்று கதைத்துக்கொண்டிருப்போம். வீட்டிலுள்ளவர்கள் அதை வேலையில்லாத கூட்டம் என்பார்கள். இருக்கட்டும். அந்தக் கூட்டத்தின் சார்பில்தான் இதை எழுதுகிறோம். நீளமாக இருக்கும், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் பொடியன்களுக்காக ஒரு வார்த்தை. எஞ்சின் மீது ஆசைப்படுவது கெட்ட பழக்கம் இல்லை.

எங்கள் காலத்தில் அது வயலில் தொடங்கியது. மெசி பெர்கியூசன் 135 என்று சிவப்பு நிற மிஷின் ஒன்று ஊரில் இருந்தால் விதைப்புக் காலத்தில் அதற்குப் பின்னால் ஓடாத பிள்ளை இல்லை. மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் டீசல் எஞ்சின். 1964இல் சந்தைக்கு வந்த மாதிரி, இன்றைக்கும் சில வட்டைகளில் உழுதுகொண்டிருக்கிறது. அதற்குப் பிறகு லேண்ட்மாஸ்டர். ஒற்றைச் சிலிண்டர், பக்கத்தில் பெரிய சக்கரம், கம்பியைப் போட்டுச் சுற்றினால் முதலில் இருமி, பிறகு ஒவ்வொரு வெடியாக எண்ணிப் பார்க்கக்கூடிய மாதிரி அடிக்கும். எஞ்சின் என்றால் என்ன என்பதை எங்களுக்கு விளங்கப்படுத்தியது புத்தகமல்ல, அந்த லேண்ட்மாஸ்டர்தான். இன்றைக்கும் தரம் 10 பிள்ளைகளுக்கு நாலடிப்பு எஞ்சின் படிப்பிக்கும்போது அதன் சத்தத்தைத்தான் வாயால் செய்து காட்டுகிறோம். பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் மறக்க மாட்டார்கள்.

விசயம் இவ்வளவுதான். பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றை உள்ளே இழுக்கிறது. மேலே வரும்போது அந்தக் காற்றை நசுக்குகிறது. டீசல் எஞ்சினில் பதினாறு, இருபது மடங்குக்கு நசுக்குவார்கள். நசுங்கிய காற்று கொதிக்கிறது, அதற்குள் டீசலைப் பீச்சினால் நெருப்புக் குச்சி இல்லாமலே பற்றிக்கொள்கிறது. அந்த வெடி பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. மறுபடி மேலே வந்து புகையை வெளியே தள்ளுகிறது. நான்கு அடிப்பில் ஒன்றுதான் வேலை செய்கிறது, மற்ற மூன்றும் அந்த ஒன்றுக்குத் தயாராகிறது. லேண்ட்மாஸ்டரின் அந்தக் கனத்த சக்கரம் எதற்கு என்றால், வேலை நடக்காத மூன்று அடிப்பையும் இழுத்துக்கொண்டு போவதற்கு. 1876இல் ஜேர்மனியில் நிக்கலஸ் ஓட்டோ என்பவர் இந்த நாலடிப்பு முறையில் எஞ்சினை ஓட்டிக் காட்டினார். அன்றிலிருந்து உலகம் அந்தத் தாளத்தில்தான் ஓடுகிறது.

இப்போது உங்கள் வீட்டு 100 சீசீ பைக்கை எடுங்கள். நிமிடத்துக்கு 8,000 தடவை சுற்றும் அளவுக்கு முறுக்கினால், ஒரு விநாடிக்குள் அறுபத்தாறு தடவைக்கு மேல் அந்த நான்கு வேலையும் ஒழுங்கு தப்பாமல் நடந்து முடிகிறது. வால்வு திறக்க வேண்டிய நேரத்தில் திறந்து, மூட வேண்டிய நேரத்தில் மூடி, தீப்பொறி விழ வேண்டிய கணத்தில் விழுந்து. சுப்ஹானல்லாஹ் என்று சொல்லாமல் இதை எப்படிப் பார்ப்பது? இதைப் பார்த்து ஒரு பொடியனுக்கு ஆசை வரவில்லை என்றால்தான் எங்களுக்குக் கவலை.

இந்த இடத்தில் சிலர் அல்ஜஸரியைக் கொண்டுவருவார்கள். எஞ்சினையே முஸ்லிம்கள்தான் கண்டுபிடித்தார்கள் என்று படம் போட்டுப் பகிர்வார்கள். அது மிகை. 1206இல் அல்ஜஸரி எழுதி முடித்த இயந்திரங்கள் பற்றிய நூலில், சுற்றுகிற அசைவை முன்னும் பின்னும் போகிற அசைவாக மாற்றித் தண்ணீர் இறைக்கும் ஒரு பம்பின் விபரமும் படமும் இருக்கிறது. உங்கள் பைக்கின் கிராங்கும் கனெக்டிங் ரொட்டும் அதே தத்துவத்தைத் திருப்பிச் செய்கின்றன. அந்த மனிதரைப் பற்றிப் பெருமைப்பட அந்தளவு உண்மையே போதும், கூட்டிச் சொல்லத் தேவையில்லை.

இனி சைலன்சர். பெருநாள் கிட்ட வந்தால் ஊரில் சைலன்சர் கழற்றுவதும் துளை போடுவதும் தொடங்கிவிடும். கராஜ் காக்காவிடம் போன கிழமை மட்டும் நான்கு பேர் வந்தார்கள். அவர் செய்து கொடுக்க மாட்டார் என்று தெரிந்தும் வருகிறார்கள். தம்பிமாரே, சத்தம் என்பது வலு அல்ல. எஞ்சினிலிருந்து வெளியே போய் வீணாகிற சக்திதான் சத்தம். கம்பனிக்காரன் அந்தக் குழாயின் நீளத்தையும் அகலத்தையும் சும்மா வைக்கவில்லை, எஞ்சின் மூச்சு விடுகிற தாளத்துக்குக் கணக்குப் பார்த்து வைத்திருக்கிறான். அதை வெட்டிவிட்டு காபரேட்டரைத் திருத்தாமல் ஓடினால் பெற்றோல் குறைந்து காற்றுக் கூடிய கலவை எரிந்து எஞ்சின் சூடேறும். வால்வு கருகும். பெருநாள் முடிந்து ஒரு மாதத்தில் அதே பைக் ஹெட் கழற்ற வரும். காக்காவுக்கு அது வருமானம்தான், இருந்தும் அவர் சொல்கிறார்.

நம்பிக்கை இல்லாவிட்டால் போர்முலா 1ஐப் பாருங்கள். 2005 வரைக்கும் அந்தக் கார்களில் 3 லீற்றர் வீ10 எஞ்சின். தொலைக்காட்சியில் கேட்டாலே காது கிழியும். 2014இல் 1.6 லீற்றர் ஆறு சிலிண்டர் டேர்போ எஞ்சினுக்கு மாறினார்கள், கூடவே மின் மோட்டாரும். சத்தம் போய்விட்டது என்று உலகம் முழுக்க ரசிகர்கள் அழுதார்கள். நாங்களும்தான் முகம் சுளித்தோம். ஆனால் அந்த எஞ்சின்தான் முந்தியதை விடக் கெட்டிக்காரன். வெளியே சத்தமாகவும் சூடாகவும் போய்க்கொண்டிருந்ததைப் பிடித்து டேர்போவைச் சுற்ற வைத்தார்கள். 2017இல் மெர்சிடிஸ் கம்பனி, எரிபொருளிலுள்ள சக்தியில் பாதிக்கு மேல் வேலையாக மாறுகிறது என்று தங்கள் சோதனைச் சாலையில் அளந்து அறிவித்தது. இன்னொரு விசயமும் சொன்னால் சிரிப்பீர்கள். அவர்களுக்கும் கோட்டா இருந்தது. 2014இல் ஒரு பந்தயத்துக்கு 100 கிலோ எரிபொருள், அதற்கு மேல் ஒரு சொட்டும் பாவிக்க ஏலாது. எங்களுக்கு 2022இல் கியூஆர் கோட் வந்தபோது பைக்குக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20. அவர்கள் அந்தக் கட்டுப்பாட்டுக்குள் எஞ்சினைச் செப்பனிட்டார்கள். நாங்கள் கட்டுப்பாடு நீங்கியதும் மறுபடி வலக்கையை முறுக்கத் தொடங்கிவிட்டோம்.

உண்மையில் அந்த வரிசைக் காலத்தில் ஊர் ஓட்டிய ஓட்டம் அழகாக இருந்தது. யாரும் தேவையில்லாமல் முறுக்கவில்லை. சந்திக்கு ஐம்பது மீற்றருக்கு முன்னமே எக்சிலேட்டரை விட்டுவிட்டு உருண்டு வந்து நின்றார்கள். அதைத்தான் நல்ல ஓட்டம் என்பது.

ஓட்டம் என்றதும் பதினெட்டு வளைவு ஞாபகம் வருகிறது. கண்டியிலிருந்து மஹியங்கனை வழியாக ஊருக்கு வந்தவர்களுக்கு அந்த இறக்கம் தெரியும். இப்போது வீதி அகலமாகி வளைவும் ஒன்று குறைந்துவிட்டது, பெயர் மட்டும் பதினெட்டாகவே இருக்கிறது. முன்னைய நாட்களில் நெல் லொறி ஓட்டிய மாமாமார் அந்த மலைக்கு ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். எந்தக் கியரில் ஏறுவாயோ அந்தக் கியரில்தான் இறங்க வேண்டும். அன்றைக்கு அது அனுபவம், இன்றைக்கு நாங்கள் அதை பௌதிகவியலாகப் படிப்பிக்கிறோம். பிரேக் என்பது வேகத்தைச் சூடாக மாற்றுகிற சாமான். இறக்கம் முழுக்க அதை மிதித்துக்கொண்டே வந்தால் அந்தச் சூடு வெளியேற நேரமில்லை. லைனிங் காயும், எண்ணெய் கொதிக்கும், மிதி உள்ளே போகும், வண்டி நிற்காது. சின்னக் கியரில் போட்டு எக்சிலேட்டரை விட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். தள்ளுகிற எஞ்சின் தடுக்கிற எஞ்சினாக மாறும். கட்டாரிலிருந்து வந்த மச்சான் சொல்வார், நாற்பது தொன் இழுக்கிறவனுக்கு முதலில் படிப்பிப்பது ஓட அல்ல, நிற்க. இந்த மலைநாட்டு வீதிகளில் பஸ்களும் வேன்களும் பள்ளத்தில் விழுந்த செய்தி வரும்போதெல்லாம் அந்த லொறி மாமாமாரை நினைத்துக்கொள்கிறோம். ஓட்டோமட்டிக் கார் வைத்திருப்பவர்களே, உங்கள் கியர் லீவரிலும் எல் என்றோ 2 என்றோ பீ என்றோ ஓர் எழுத்து இருக்கும். அது அழகுக்கு வைத்ததல்ல. சுற்றுலா போகும் முன் அது என்னவென்று யாரிடமாவது கேட்டு வையுங்கள்.

சகோதரிகள் சிலர் எங்களிடம், பெண்கள் ஓட்டப் பழகுவது பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். இதற்குப் பெரிய விவாதம் தேவையில்லை. உலகத்தில் முதல் முதலாகக் காரில் தூரப் பயணம் போனதே ஒரு பெண். 1888இல் பேர்த்தா பென்ஸ், தன் கணவர் கார்ல் பென்ஸ் செய்த மூன்று சக்கர வண்டியை அவருக்குச் சொல்லாமல் எடுத்துக்கொண்டு, இரண்டு ஆண் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு, மன்ஹைமிலிருந்து தாய் வீட்டுக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓட்டினார். அப்போது பெற்றோல் செட் ஏது? வழியில் மருந்துக் கடையில் எரிபொருள் வாங்கினார். குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். பிரேக் தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துத் தோல் அடித்துக்கொண்டார். பிரேக்குக்கு லைனிங் போடும் யோசனை அங்கிருந்துதான் வந்தது. வண்டி ஓடும் என்று கணவருக்கே நம்பிக்கை கொடுத்தது அந்தப் பயணம். எங்கள் ஊரில் ஸ்கூட்டியில் பிள்ளைகளைப் பாடசாலைக்குக் கொண்டுவருகிற உம்மாமார்தான் சந்தியில் சிக்னல் போட்டுத் திரும்புகிற ஆட்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஒன்று மட்டும், அபாயாவின் விளிம்பையும் ஷோலையும் ஏறும்போதே இறுக்கிச் செருகிக்கொள்ளுங்கள். சங்கிலியிலும் சக்கரத்திலும் சிக்கி விழுந்த சம்பவங்கள் போதும்.

சரி, ரேஸுக்கு வருவோம்.

ரேஸ் மார்க்கத்தில் இல்லை என்றவருக்கு மரியாதையோடு ஒன்றை ஞாபகப்படுத்துகிறோம். நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்தியிருக்கிறார்கள். இப்னு உமர் ரழியல்லாஹு அன்ஹு அறிவிக்கும் செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. அதைக் கவனமாக வாசித்தால் ஒரு மோட்டார் பந்தயக் கழகத்தின் விதிக்கோவையைப் போல இருக்கும். பயிற்சி கொடுத்து மெலிய வைத்த குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து தனிய்யதுல் வதாஃ வரை, ஐந்து அல்லது ஆறு மைல். பயிற்சி இல்லாத குதிரைகளுக்கு தனிய்யதுல் வதாஃவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை, ஒரு மைல் அளவு. தொடங்கும் இடம் இருக்கிறது, முடியும் இடம் இருக்கிறது. பயிற்சி உள்ளதையும் இல்லாததையும் ஒன்றாக ஓட விடவில்லை. இளைஞராக இருந்த இப்னு உமர் அவர்களே ஓடியிருக்கிறார்கள். ஆக, பொடியன்களுக்கு வேகத்தில் ஆசை வரும் என்பது மதீனாவில் தெரியாத விசயமல்ல. அதற்கு இடமும் எல்லையும் ஒழுங்கும் கொடுத்தார்கள். நாங்கள் எங்கள் பிள்ளைகளுக்கு எதைக் கொடுத்தோம்? ஏ4 பிரதான வீதியை.

இந்த நாட்டிலும் பந்தயத்துக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. நுவரெலியா மஹகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயம் 1934இலிருந்து வருகிறது. கிரகரி வாவியைச் சுற்றி வீதிப் பந்தயம், தியத்தலாவையில் பொக்ஸ்ஹில், அநுராதபுரம் சாலியபுரவில் கஜபா, களுத்துறைக்குப் பக்கத்தில் கட்டுகுருந்த. மினியும் போர்ட் லேசரும் பழைய ஹொண்டாவும் வைத்துக்கொண்டு, வார நாட்களில் வேலைக்குப் போய் ஞாயிற்றுக்கிழமை ஓடுகிற மனிதர்கள்தான் அங்கே அதிகம். எங்களுக்குப் பிடித்தது மலையேற்றம்தான். ஒவ்வொருவராகத்தான் ஓட வேண்டும், முந்துவதற்கு ஆள் இல்லை, கடிகாரம் மட்டும். தன்னைத்தான் ஜெயிக்க வேண்டும்.

பந்தயத்தைத் தொடர்ந்து பார்க்கிறவனுக்கு ஒரு விசயம் விளங்கும். அது வேகத்தைப் பற்றிய விளையாட்டு அல்ல, பிரேக்கைப் பற்றிய விளையாட்டு. நேரான பாதையில் யாரும் மிதிப்பான். எந்த இடத்தில் விட வேண்டும், எந்த அளவுக்கு அமுக்க வேண்டும் என்று தெரிந்தவன்தான் முந்துகிறான். அத்தோடு, அந்த ஓட்டுநர்கள் சாவுக்குப் பயப்படாதவர்கள் என்று எங்கள் பொடியன்கள் நினைப்பது முழுத் தவறு. ஜக்கி ஸ்டுவர்ட் என்று ஒருவர், மூன்று தடவை உலகச் சம்பியன். 1966இல் பெல்ஜியத்தில் ஸ்பா பாதையில் மழையில் சறுக்கி, நசுங்கிய காருக்குள் பெற்றோலில் ஊறிக்கொண்டு இருபத்தைந்து நிமிடமளவில் கிடந்தார். கூட ஓடிய இரண்டு ஓட்டுநர்கள், பார்க்க வந்த ஒருவரிடம் ஸ்பேனர் வாங்கித்தான் அவரை வெளியே எடுத்தார்கள். அதற்குப் பிறகு அவர் தன் காரின் ஸ்டியரிங்கிலேயே ஒரு ஸ்பேனரைக் கட்டிக்கொண்டு ஓடினார். சீட் பெல்ட் வேண்டும், வைத்தியர் வேண்டும், வேலி வேண்டும் என்று சண்டை பிடித்தார். பயந்தாங்கொள்ளி என்றார்கள். பயந்தாங்கொள்ளி என்றவர்களை விட அவர் வேகமாக ஓடினார் என்பதுதான் எங்களுக்குப் பிடித்த பகுதி.

1994இல் இமோலாவில் ஏப்ரல் 30ஆம் திகதி ரட்சென்பெர்கரும் அடுத்த நாள் செனாவும் இறந்த பிறகு விதிகள் இன்னும் இறுகின. 2018இல் ஓட்டுநரின் தலைக்கு மேல் ஹேலோ என்று ஒரு வளையம் கட்டாயமானது. அசிங்கம் என்று பலர் சொன்னார்கள். 2020 நவம்பர் 29, பஹ்ரைனில் குரோஜானின் கார் வேலியில் மோதி இரண்டாகப் பிளந்து தீப்பற்றியது. அந்த நெருப்புக்குள் சுமார் 28 விநாடி இருந்துவிட்டு மனிதர் தானே எழுந்து வேலியைத் தாண்டி வந்தார். அந்த வளையம் இல்லாவிட்டால் தலை இருந்திருக்காது. பஹ்ரைன் என்றதும் ஒரு சின்னச் செய்தி. அங்கே வெற்றி மேடையில் மதுப் போத்தல் கிடையாது, பன்னீர் கலந்த பானம்தான் கொடுப்பார்கள். எங்களுக்கு அந்தப் பந்தயத்தைப் பிள்ளைகளோடு குந்திப் பார்க்கலாம்.

இவ்வளவு ஏற்பாடு செய்தும் பந்தயம் ஆட்களைக் கொல்லும். 1955 ஜூன் 11, பிரான்சின் லெ மானில் ஒரு மெர்சிடிஸ் கார் பார்வையாளர்களுக்குள் சிதறி எண்பதுக்கும் அதிகமானோர் இறந்தார்கள். சுவிற்சர்லாந்து அதன் பிறகு சுற்றுப்பாதைக் கார்ப் பந்தயத்தைத் தடை செய்தது. தூரம் ஏன்? 2024 ஏப்ரல் 21, தியத்தலாவை பொக்ஸ்ஹில். புதுவருட விடுமுறைக்குக் குடும்பம் குடும்பமாகப் பார்க்கப் போயிருந்தார்கள். ஒரு கார் தடத்தை விட்டு விலகிக் கூட்டத்துக்குள் பாய்ந்தது. ஏழு பேர் உயிரிழந்தார்கள், அதில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி. அது மூடிய தடம். கொடி பிடிக்க ஆள் இருந்தது, அம்புலன்ஸ் இருந்தது, ஓட்டியவர்கள் பழக்கப்பட்டவர்கள்.

எங்கள் வீதியில் என்ன இருக்கிறது? பெருநாள் பின்னேரம் ஐந்து மணிக்கு, புது உடுப்போடு கடற்கரைக்குப் போகிற குடும்பங்கள். வீதியோரம் ஐஸ்கிறீம் வண்டி, பலூன் கடை. தாருக்கு மேல் கடல் மணல். நடுவில் மாடு. அதற்குள்ளால் மூன்று பேர் ஏறிய பைக்.

கணக்கை ஒருக்கால் போட்டுக் காட்டுகிறோம், வகுப்பில் போடுகிற அதே கணக்கு. 40 கிலோமீற்றர் வேகத்தில் போகிறவன் விநாடிக்கு 11 மீற்றர் கடக்கிறான். குறுக்கே பிள்ளை ஓடுவதைக் கண்டு கை பிரேக்குக்குப் போக ஒரு விநாடி. அதற்குள் 11 மீற்றர் போச்சு. பிறகு நல்ல வீதியில், நல்ல டயரில் நிற்க 10 மீற்றர். மொத்தம் 21. இப்போது வேகத்தை இரண்டு மடங்காக்கி 80இல் போகட்டும். யோசிக்கும் தூரம் 22. பிரேக் பிடித்து நிற்கும் தூரம் 20 அல்ல, 41. வேகம் இரண்டு மடங்கானால் இயக்கப்பாட்டுச் சக்தி நான்கு மடங்கு. மொத்தம் 63 மீற்றர். மணல் இல்லாத வீதியில். ஒரு ஆள் ஏறிய பைக்கில். 80இல் போய் மதிலில் மோதுவது 25 மீற்றர் உயரத்திலிருந்து தரையில் விழுவதற்குச் சமன். பெரிய பள்ளி மினாராவை ஒருக்கால் அண்ணாந்து பாருங்கள்.

போன நோன்புப் பெருநாள் பின்னேரம் நாங்கள் ஒரு ஜனாஸா வீட்டில் இருந்தோம். பெயர் தேவையில்லை, ஊருக்குத் தெரியும். பதினேழு வயது. சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு கராஜில் பின்னேரங்களில் நின்று காபரேட்டர் கழற்றப் பழகிக்கொண்டிருந்தவன். ஒரு தடவை சொன்னால் பிடித்துக்கொள்ளும் பிள்ளை. எஞ்சின் சத்தத்தை வைத்தே வால்வு இடைவெளி கூடியிருக்கிறது என்று சொல்வான். அந்தப் பைக்கை வாப்பா வெளிநாட்டிலிருந்து காசனுப்பி வாங்கிக் கொடுத்திருந்தார். வாப்பா ஜனாஸாவுக்கு வந்து சேரவில்லை, டிக்கட் கிடைக்கவில்லை. வீட்டு ஷோகேஸுக்கு மேலே ஹெல்மட் இருந்தது. அதன் பொலித்தீன் உறை இன்னும் கழற்றியிருக்கவில்லை.

அதனால்தான் கட்டி வைத்து அடிக்க வேண்டும் என்ற கதை எங்களுக்குப் பிடிக்கவில்லை. அவன் ரவுடி இல்லை. இந்த ஊருக்குக் கிடைத்திருக்க வேண்டிய நல்ல எஞ்சின்காரன்.

பெரியவர்களிடமும் ஒரு கேள்வி இருக்கிறது. ஜும்ஆவுக்குப் போகும்போது எங்களில் எத்தனை பேர் ஹெல்மட் போடுகிறோம்? தொப்பி கசங்கும், பள்ளி பக்கத்தில்தானே, பொலிசும் அந்த நேரம் பிடிக்க மாட்டான் என்கிறோம். தலை மோதினால் அது வெள்ளிக்கிழமை என்று தாருக்குத் தெரியாது. தொப்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்ப் பள்ளி வாசலில் போடலாம். பதினெட்டு வயதாகாத பிள்ளைக்கு லைசன் கிடையாது என்பதும் எல்லா வாப்பாமாருக்கும் தெரியும். பரீட்சை முடிந்ததற்குப் பரிசு என்று வாங்கிக் கொடுக்கிறோம். பெருநாளைக்கு மட்டும் சாவியை ஒளித்து வைத்தால் அவன் கூட்டாளியின் பைக்கில் ஏறுவான், அவ்வளவுதான்.

இந்த நாட்டில் வருஷத்துக்கு இரண்டாயிரத்துக்கும் அதிகமானோர் வீதியில் சாகிறார்கள். அதில் மோட்டார் சைக்கிள்காரர்கள்தான் பெரும் பங்கு.

நிர்வாகத்தோடும் விளையாட்டுக் கழகத்தோடும் கதைத்து ஒரு வேலை செய்திருக்கிறோம். பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டியில் மெதுவான சைக்கிள் ஓட்டம் பார்த்திருப்பீர்கள், கடைசியாக வருகிறவனுக்குத்தான் முதலிடம். அதையே மோட்டார் சைக்கிளில் நடத்தப் போகிறோம். சிரிக்க வேண்டாம், ஓடிப் பார்த்தால் தெரியும். 25 மீற்றர் நீளம், ஒரு மீற்றர் அகலக் கோடு. கால் நிலத்தில் பட்டால் வெளியே. எஞ்சின் நின்றால் வெளியே. கிளட்சைப் பாதி பிடித்து, பின் பிரேக்கை மெல்ல மிதித்து, எக்சிலேட்டரை ஒரு நூல் அளவில் வைத்திருக்கத் தெரியாதவன் ஐந்து மீற்றரில் விழுவான். வீதியில் 100இல் பறக்கிற சூரர்கள் அதில் எத்தனை பேர் தேறுவார்கள் என்று பார்க்க எங்களுக்கும் ஆசை. கட்டார் மச்சான் இப்போதே வீட்டு வளவில் பழகிக்கொண்டிருக்கிறார், மல்லிகைச் செடி இரண்டு போய்விட்டதாம்.

பெருநாள் இரண்டாம் நாள், அஸர் தொழுகைக்குப் பிறகு, பாடசாலை மைதானம். 100 சீசீ வரை ஒரு பிரிவு, அதற்கு மேல் ஒரு பிரிவு. சகோதரிகளுக்கு ஸ்கூட்டிப் பிரிவு மகளிர் பாடசாலை வளவில் தனியாக, ஆசிரியைகளின் மேற்பார்வையில். லைசனும் ஹெல்மட்டும் கட்டாயம், கம்பனி சைலன்சரும் கட்டாயம். லைசன் எடுக்க வயது வராத தம்பிமாருக்கு அதே நேரம் மைதானத்து மாமரத்துக்குக் கீழே ஒரு பழைய 100 சீசீ எஞ்சினை வைத்துக் காக்கா கழற்றிப் பூட்டப் படிப்பிப்பார். நட்டுக்கு நட்டு அவர்கள்தான் கழற்ற வேண்டும், பூட்டி முடித்து மஃரிபுக்கு முன் ஸ்டார்ட் ஆக வேண்டும். கை கறுக்கும், பெருநாள் உடுப்போடு வர வேண்டாம். 14, 17 இலக்க ஸ்பேனர் மேலதிகமாக இருப்பவர்கள் அன்றைக்கு மட்டும் இரவல் தந்தால் நல்லது, காக்காவிடம் இருப்பது ஒரு செட்தான். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் அரஃபா தினத்துக்கு முன் இஷாவுக்குப் பிறகு கராஜுக்கு வாருங்கள். பிளேன்டீ இருக்கும்.